ஒரே இலக்கம், பல குரல்கள்: கைத்தொலைபேசி காட்டும் பெயரை எவ்வளவு நம்பலாம்?

இலண்டன் மாநகரில் வாழும் எம்மவருள் கைத்தொலைபேசி இல்லாதவர் இன்று மிகச் சிலரே. அழைப்பு மணி ஒலித்ததும் நாம் முதலிற் செய்வது திரையைப் பார்ப்பதாகும். அங்கே பழகிய பெயர் தெரிந்தால் உடனே எடுக்கிறோம். வெறும் இலக்கம் தெரிந்தால் தயங்குகிறோம். இலக்கமும் தெரியாவிட்டால் பெரும்பாலும் எடுப்பதே இல்லை. இது அற்ப விடயம் போலத் தோன்றும். ஆயினும் வைத்தியசாலையின் அழைப்பும், சட்டத்தரணியின் அழைப்பும், ஊரிலிருந்து வரும் துயரச் செய்தியும் தவறிப்போவது இப்பழக்கத்தினாலேயே. பழகிய பெயர் தெரிந்ததென்று நம்பி, மோசடிக்காரரிடம் சேமிப்பைப் பறிகொடுப்பதும் இப்பழக்கத்தினாலேயே.

இவ்விரு தீங்குகளுக்கும் மூலம் ஒன்றே. ஓர் இலக்கம் ஓர் ஆளைக் குறிக்கும் என்ற எண்ணத்தின் மீதே கைத்தொலைபேசியின் பெயர்ப் பட்டியல் அமைக்கப்பட்டுள்ளது. எமது மக்களின் வாழ்விலோ ஓர் இலக்கம் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் மிகக் குறைவு. அன்றும் இன்றும் அது ஒரு வீட்டுக்கு, ஒரு கடைக்கு, சில வேளைகளில் ஓர் ஊருக்கே பொதுவாக இருந்து வந்திருக்கிறது.

மாடிப்படி அடியில் ஒரு தொலைபேசி

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் இலண்டனுக்கு வந்து சேர்ந்த இளைஞர்களுக்கு இதனை விளக்கிக் கூறத் தேவையில்லை. ஈஸ்ற்ஹாமிலும் ரூற்றிங்கிலும் வெம்பிளியிலும் ஒரு வீட்டில் எட்டுப் பத்துப் பேர் கூடி வாழ்ந்தனர். மாடிப்படியின் அடியில் ஒரு தொலைபேசி இருக்கும். மணி அடித்தால் யாரோ ஒருவர் எடுத்து, அழைப்பு யாருக்கென்று கேட்டு, மேல்மாடியை நோக்கிக் குரல் கொடுப்பார். அழைத்தவர் யாரென அறிவதற்குக் கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

தாயகத்தின் நிலையோ இதனினும் கடினமானது. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்கின் பெரும்பகுதி தொலைபேசித் தொடர்பை இழந்தது. பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பிய பெற்றோர் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து, தங்குவிடுதியிலோ தொலைத்தொடர்பு நிலையத்திலோ காத்திருந்தனர். வெள்ளவத்தையில் ஒரு கடையின் இலக்கம் எத்தனையோ குடும்பங்களின் இலக்கமாக விளங்கியது. "இன்னாரின் தாயாரைக் கூப்பிட்டு விடுங்கள், அரை மணித்தியாலத்தில் மீண்டும் எடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வைப்பதே அன்றைய வழக்கம்.

பிரித்தானியாவில் அழைத்தவரின் இலக்கத்தைக் காட்டும் வசதி பொதுமக்களுக்குக் கிட்டியது 1994 ஆம் ஆண்டில். அவ்வாண்டு பிரிட்டிஷ் ரெலிகொம் நிறுவனம், இறுதியாக அழைத்தவரின் இலக்கத்தைக் கூறும் 1471 சேவையையும், இலக்கத்தைச் சிறு திரையிற் காட்டும் சேவையையும் அறிமுகஞ் செய்தது. அதே காலத்தில் இலண்டனின் பிரதேசக் குறியீடும் அடிக்கடி மாறியது. 1990 மே மாதத்தில் 01 என்பது 071, 081 என இரண்டாகப் பிரிந்தது. 1995 ஏப்ரலில் அவை 0171, 0181 ஆயின. 2000 ஏப்ரலில் இரண்டும் மீண்டும் 020 என்ற ஒன்றாகின. பத்தாண்டுகளுக்குள் மூன்று முறை குறிப்புப் புத்தகங்களில் இலக்கங்களை வெட்டித் திருத்தி எழுதிய தலைமுறை எம்முடையது. இலக்கம் நிலையானதன்று என்பதை அத்தலைமுறை நன்கறியும். அந்த அறிவு கைத்தொலைபேசிக் காலத்திலும் எமக்கு வேண்டும்.

பெயர் எங்கிருந்து வருகிறது?

கைத்தொலைபேசித் திரையில் தெரியும் பெயரை அழைப்பவர் அனுப்பி வைப்பதாகப் பலர் கருதுகின்றனர். அது தவறு. பிரித்தானியாவில் தொலைபேசி வலையமைப்பு எமக்குக் கொண்டுவந்து தருவது இலக்கத்தை மட்டுமே. எமது கருவி அந்த இலக்கத்தை எடுத்து, நாம் சேமித்து வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலில் தேடி, பொருந்தும் பெயரைக் காட்டுகிறது. ஆகவே திரையில் உள்ளது நாமே ஒரு நாள் எழுதி வைத்த பெயர். அது பழைய பெயராக இருக்கலாம். அரைகுறைப் பெயராக இருக்கலாம். அவ்விலக்கத்தை இன்று கையில் வைத்திருப்பவரோடு தொடர்பில்லாத பெயராகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் அழைப்பவரின் பெயரைத் தொலைபேசி நிறுவனங்களே காட்டும் முறை உண்டு. இந்தியாவிலும் இத்தகைய முறையை ஏற்படுத்துமாறு அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 பெப்ரவரியில் பரிந்துரைத்தது. ஆனால் அம்முறையிலும் தெரிவது சிம் அட்டை யாருடைய பெயரிற் பெறப்பட்டதோ அவருடைய பெயரே. தகப்பனின் பெயரிற் பெற்ற அட்டையை மகள் பயன்படுத்தினால் தகப்பனின் பெயரே தெரியும். பகிரப்படும் இலக்கம் எந்த நாட்டு முறையிலும் இவ்வாறு இடறவே செய்கிறது.

ஒரே இலக்கத்தை இரு பெயர்களின் கீழ் நாம் சேமித்து வைத்தால் என்ன நிகழும்? கருவி ஏதோ ஒரு பெயரைக் காட்டலாம், இரண்டையும் காட்டலாம், பெயரே இன்றி இலக்கத்தை மட்டும் காட்டலாம். இது கருவிக்குக் கருவி, மென்பொருளின் பதிப்புக்குப் பதிப்பு மாறுபடும். "சித்தி" என்றும் "சித்தப்பா" என்றும் ஒரே வீட்டு இலக்கத்தைத் தனித்தனியே பதிந்தவருக்கு, சித்தி அழைக்கும்போது சித்தப்பாவின் பெயர் தெரிவது இதனாலேயே. சித்தப்பா காலமாகி ஆண்டுகள் சென்ற பின்னரும் அவருடைய பெயரோடு மணி ஒலிப்பது எத்தனை இல்லங்களில் மனத்தை வருத்துகிறது என்பதை நாம் அறிவோம்.

ஐபோன் கருவிகளில் வேறொரு விநோதமும் உண்டு. பட்டியலில் இல்லாத இலக்கத்திலிருந்து அழைப்பு வரும்போது, எமது மின்னஞ்சல்களிலும் குறுஞ்செய்திகளிலும் கண்ட விபரத்தைக் கொண்டு "ஒருவேளை இன்னாராக இருக்கலாம்" என்று கருவியே ஒரு பெயரை ஊகித்துக் காட்டும். அது ஊகம் மட்டுமே. அதனை உறுதியென்று கொள்ளலாகாது.

வீட்டின் பெயரிற் பதிவு செய்க

பகிரப்படும் இலக்கத்தைப் பதிவு செய்வதற்குச் சரியான முறை மிக எளியது. ஓர் இலக்கத்துக்கு ஒரே பதிவு. அந்தப் பதிவின் பெயர் ஆளின் பெயராக அன்றி, இடத்தின் பெயராகவோ வீட்டின் பெயராகவோ இருத்தல் வேண்டும். "சித்தி வீடு, ஹரோ" என்றோ, "சுன்னாகம் வீடு – அம்மா, தம்பி" என்றோ எழுதினால், மணி ஒலிக்கும்போதே பேசக்கூடியவர் ஒருவரல்லர் என்பது நினைவுக்கு வரும். நீண்ட பெயரைத் திரை முழுமையாகக் காட்டாது. ஆகையால் முக்கியமான சொல் முதலில் வரட்டும். மற்றோரின் பெயர்களை அதே பதிவில் உள்ள குறிப்புப் பகுதியில் எழுதலாம்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கைத்தொலைபேசியும் உண்டு, பொது இலக்கமும் உண்டு என்றால், ஒவ்வொருவரின் பதிவிலும் அவரவரது தனி இலக்கத்தை மட்டும் வைத்து, பொது இலக்கத்தை வீட்டின் பதிவுக்கு மாற்றிவிட வேண்டும். பழைய பதிவுகளில் எஞ்சியுள்ள பொது இலக்கத்தை நீக்காவிடின் குழப்பம் தொடரும்.

இலக்கத்தை எழுதும் முறையும் முக்கியமானது. பிரித்தானிய இலக்கத்தை +44 என்று தொடங்கி, முன்னுள்ள 0 வை நீக்கி எழுதவேண்டும். யாழ்ப்பாணத்தின் 021 இலக்கம் +94 21 என்றும், வவுனியாவின் 024 இலக்கம் +94 24 என்றும், மட்டக்களப்பின் 065 இலக்கம் +94 65 என்றும் அமையும். உள்நாட்டு முறையில் எழுதிய இலக்கத்தைச் சில கருவிகள் வெளிநாட்டு அழைப்போடு பொருத்திப் பார்க்கத் தவறும். அப்போது பெயர் தெரியாது. விடுமுறைக்கு ஊருக்குச் சென்று அங்கிருந்து இலண்டன் உறவினரை அழைக்கும்போதும், நாட்டுக் குறியீட்டோடு எழுதிய இலக்கமே தொல்லையின்றி இயங்கும்.

இன்னொரு எச்சரிக்கை. மலிவு விலை அழைப்பு வழிகளூடாகத் தாயகத்திலிருந்து வரும் அழைப்புகள் சில, உண்மையான இலக்கத்தைக் காட்டாமல், தொடர்பற்ற வேறோர் இலக்கத்தையே காட்டுவதுண்டு. அன்று அதிலே பேசியவர் எமது தாயார் என்பதற்காக அந்த இலக்கத்தை "அம்மா" என்று பதிந்துவிடலாகாது. நாளை அதே இலக்கத்தில் யாரோ அந்நியர் பேசக்கூடும்.

கணவனும் மனைவியும், சில வேளைகளிற் பிள்ளைகளும், ஒரே அப்பிள் கணக்கையோ ஒரே கூகிள் கணக்கையோ பயன்படுத்தும் வீடுகளும் பல. அவ்வாறாயின் ஒருவர் பதிந்த பெயர் எல்லோருடைய கருவியிலும் தோன்றும். மனைவி "அம்மா" என்று எழுதினால் கணவனின் திரையில் மாமியார் "அம்மா" ஆகிவிடுவார். அவருடைய தாயாரும் "அம்மா" தான். தாயாருக்கு வரும் அழைப்பு மகனின் கருவியிலும் ஒலிப்பது பெரும்பாலும் இதன் விளைவே. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கை ஏற்படுத்தி, வாங்கிய பொருட்களை மட்டும் குடும்பமாகப் பகிரும் வசதியைப் பயன்படுத்துவதே நன்று.

வைத்தியசாலையின் ஒரே வாசல்

பகிரப்படும் இலக்கங்களுள் எமக்கு மிக முக்கியமானவை வைத்தியசாலைகளின் இலக்கங்கள். ஆயிரக்கணக்கானோர் பணியாற்றும் ஒரு பெரிய வைத்தியசாலையிலிருந்து எவர் அழைத்தாலும், வெளியே தெரிவது ஒரே பொது இலக்கமாக இருக்கலாம். தொலைத்தொடர்பு முறையில் ஓர் அழைப்புக்கு இரு இலக்கங்கள் உண்டு. அழைப்பு உண்மையில் எங்கிருந்து புறப்பட்டது என்பதை வலையமைப்புக்குக் கூறும் இலக்கம் ஒன்று. பெறுபவருக்குக் காட்டுவதற்கென நிறுவனம் தெரிவு செய்யும் இலக்கம் மற்றொன்று. பெரிய நிறுவனங்கள் தமது எல்லாக் கிளை இணைப்புகளுக்கும் ஒரே பொது இலக்கத்தைக் காட்டுவது இவ்விரண்டாவது வழியினாலேயே. வேறு சில இடங்களில் இலக்கமே மறைக்கப்பட்டு, "அழைப்பவர் விபரம் இல்லை" என்று மட்டும் தெரியும்.

இங்கேதான் தவறு நிகழ்கிறது. நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு நாள் அழைப்பு வந்தது என்பதற்காக அப்பொது இலக்கத்தை "நீரிழிவுப் பிரிவு" என்று பதிந்து வைக்கிறோம். சில மாதங்களின் பின் அதே இலக்கத்திலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவினர், எமது உறவினர் ஒருவர் அனுமதிக்கப்பட்டிருப்பதைத் தெரிவிக்க அழைக்கின்றனர். திரையில் "நீரிழிவுப் பிரிவு" என்று தெரிகிறது. வேலையில் இருப்பவர் "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார். பெயர் தெரியாமல் இருந்திருந்தால்கூட அவர் எடுத்திருக்கக்கூடும். தவறான பெயர் தெரிந்தமையே அவரைத் தடுத்தது.

ஆகவே இத்தகைய இலக்கத்தை "வைத்தியசாலை – பொது" என்றே பதிதல் வேண்டும். குறிப்பிட்ட பிரிவுக்கு நாம் அழைப்பதற்கு அதன் கிளை இணைப்பு எண் தேவையெனின், பொது இலக்கத்தை எழுதி, இடைநிறுத்தக் குறியிட்டு, அதன் பின் கிளை எண்ணை எழுதி வேறொரு பதிவாக வைக்கலாம். அது நாம் அழைப்பதற்கு மட்டுமே உதவும்; அங்கிருந்து வரும் அழைப்பை இனங்காட்டாது.

அறியாத இலக்கங்களிலிருந்து வரும் அழைப்புகளை ஒலியின்றி குரற்பதிவுக்கு அனுப்பிவிடும் வசதியை ஐபோன் 2019 இல் அறிமுகஞ் செய்தது. வேறு கருவிகளிலும் இதுபோன்ற வசதிகள் உள்ளன. தொல்லை அழைப்புகளால் சலித்தவர்களுக்கு அது நிம்மதி தருவது உண்மையே. ஆனால் சத்திரசிகிச்சைக்கான நாளை எதிர்பார்த்திருப்பவரும், சட்டத்தரணியின் பதிலுக்குக் காத்திருப்பவரும் அக்காலம் முடியும்வரை அந்த வசதியை நிறுத்தி வைப்பதே புத்தி. தொடர்பு கொள்ள முடியாத நோயாளர், காத்திருப்போர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுக் குடும்ப வைத்தியரிடமே திருப்பி அனுப்பப்படும் சந்தர்ப்பங்கள் உண்டு.

குரற்பதிவில் தமது பெயரைத் தாமே ஆங்கிலத்திற் கூறிப் பதிந்து வைப்பதும் பெரிதும் உதவும். நோயாளரின் அந்தரங்கம் கருதி, யாருடைய பெட்டி என்று தெரியாத இடத்தில் வைத்தியசாலை ஊழியர் விபரம் எதனையும் விட்டுச் செல்லத் தயங்குவர்.

குடும்பத்துக்கு ஒரே இலக்கம் கொடுப்பதன் ஆபத்து

இதுவரை எமக்கு வரும் அழைப்பைப் பற்றிப் பேசினோம். எமது இலக்கம் பிறருடைய பதிவேடுகளில் எவ்வாறு இருக்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். ஆங்கிலம் நன்கு பேசும் மகனின் இலக்கத்தையோ, கணவனின் இலக்கத்தையோ குடும்பத்தார் அனைவருக்குமாகக் கொடுத்து வைப்பது எமது இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். வந்த புதிதில் அதற்குத் தேவை இருந்தது. இன்று அதன் விலையைப் பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் கொடுக்கின்றனர்.

குடும்ப வைத்தியரின் பணிமனை அனுப்பும் குறுஞ்செய்தி, பதிவேட்டில் உள்ள இலக்கத்துக்கே செல்லும். மனைவியின் பரிசோதனை பற்றிய செய்தி கணவனின் கைக்குப் போகிறது. தாயின் புற்றுநோய் ஐயம் பற்றிய அறிவித்தலைப் பதினாறு வயது மகன் முதலில் வாசிக்கிறான். வளர்ந்த மகள் தனியே வைத்தியரிடம் பேச விரும்பினாலும், அவள் குழந்தையாக இருந்தபோது தாயார் கொடுத்த இலக்கமே இன்னும் பதிவில் இருக்கிறது. வீட்டினுள் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணுக்கு இது அவமானத்தோடு முடியும் விடயமன்று, உயிராபத்தாகவும் முடியலாம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி இலக்கத்தைப் பணிமனையிற் கொடுத்து, "இந்த இலக்கத்தில் மட்டும் தொடர்பு கொள்ளவும்", "குரற்பதிவில் விபரம் விடவேண்டாம்" என்று பதிவு செய்யுமாறு கேட்கலாம். ஆங்கிலம் பேச இயலாதவர், பிள்ளைகளை இடையில் நிறுத்தாமல், தேசிய சுகாதார சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்கு நோயாளர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. "என்னுடைய இலக்கம் என்னிடமே இருக்கட்டும்" என்று தாய் ஒருவர் கேட்பது குடும்பத்தைப் பிரிப்பதாகாது. அவரும் ஓர் ஆள் என்பதை ஏற்றுக்கொள்வதே அது.

குடிவரவு விடயத்தில் இது இன்னும் கடுமையானது. வதிவிட அனுமதி அட்டைகளுள் பெரும்பாலானவை 2024 டிசெம்பர் 31 உடன் காலாவதியாகின. அவற்றின் இடத்தை இணையத்தில் உள்ள ஈ-விசா பெற்றுள்ளது. அக்கணக்கினுள் நுழைய, அடையாளப் பத்திரத்தின் இலக்கத்தோடு, பதிவு செய்துள்ள கைத்தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பப்படும் குறியீடும் தேவை. கணக்கைத் திறக்க உதவிய நண்பரின் இலக்கத்தையோ, பணம் வாங்கிப் படிவம் நிரப்பிய முகவரின் இலக்கத்தையோ அங்கே பதிந்திருந்தால், குறியீடு அவருடைய கைக்கே செல்லும். வேலை கொடுப்பவரும் வீட்டு உரிமையாளரும் அனுமதியைக் காட்டுமாறு கேட்கும் நாளில், நண்பரோடு பேச்சுவார்த்தை இல்லை, முகவரின் தொலைபேசி இயங்கவில்லை என்றால் நிலை என்னவாகும்? எந்த இலக்கம், எந்த மின்னஞ்சல் அங்கே உள்ளது என்பதை ஒவ்வொருவரும் இன்றே பார்த்து, தமது சொந்த இலக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

புகலிடம் கோரி முடிவுக்குக் காத்திருப்போர் இலக்கத்தை மாற்றினால் அதனைக் குடிவரவு அலுவலகத்துக்கும் சட்டத்தரணிக்கும் அறிவித்தல் அவசியம். முற்பணச் சிம் அட்டையைப் பல மாதங்கள் பயன்படுத்தாது விட்டால் நிறுவனம் அவ்விலக்கத்தை மீட்டெடுத்து, காலப்போக்கில் வேறொருவருக்கு வழங்கிவிடும். எமக்கென அனுப்பப்படும் இரகசியச் செய்தி அப்போது அறியாத ஒருவரின் கைக்குச் செல்லும்.

தெரிந்த பெயரில் வரும் திருடர்

திரையில் காட்டப்படும் இலக்கத்தை நிறுவனங்கள் தெரிவு செய்யலாம் என்று மேலே கூறினோம். அதே வழியைத் திருடரும் பயன்படுத்துகின்றனர். வங்கியின் உண்மையான இலக்கத்தையே போலியாகக் காட்டி அவர்கள் அழைப்பர். அந்த இலக்கத்தை நாம் "வங்கி" என்று பதிந்திருந்தால், திரையிலும் "வங்கி" என்றே தெரியும். வெளிநாட்டிலிருந்து புறப்பட்டுப் பிரித்தானிய இலக்கத்தைப் போலியாகக் காட்டும் அழைப்புகளைத் தடுக்குமாறு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொம் நிறுவனங்களுக்கு விதிகளை இறுக்கி வருகிறது. எனினும் அத்தனையையும் தடுத்துவிட்டதாக எவரும் கூறுவதற்கில்லை.

ஆகவே வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறிப் பணத்தை மாற்றுமாறோ குறியீட்டைச் சொல்லுமாறோ கேட்டால், உடனே தொலைபேசியை வைத்துவிட்டு 159 என்ற இலக்கத்தை அழைக்கலாம். 2021 இல் தொடங்கிய இச்சேவை பெரும்பாலான முக்கிய வங்கிகளோடு நேரடியாக இணைத்து விடும். சந்தேகத்துக்குரிய குறுஞ்செய்தியை 7726 என்ற இலக்கத்துக்கு அனுப்பி முறையிடலாம். குடிவரவு அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, "உங்கள் விசாவிற் பிழை இருக்கிறது, இப்போதே பணம் கட்டாவிட்டால் நாடு கடத்துவோம்" என்று மிரட்டுவோர் திருடரே. தொலைபேசியில் உடனடிப் பணம் கேட்டு அவ்வலுவலகம் மிரட்டுவதில்லை. எமது மக்களின் பழைய அச்சங்களை அறிந்தே இவர்கள் அழைக்கின்றனர்.

வட்ஸ்அப் மூலம் வரும் ஏமாற்று வேறு வகையானது. "அம்மா, என் தொலைபேசி உடைந்துவிட்டது, இது புது இலக்கம், அவசரமாகப் பணம் தேவை" என்ற செய்தி பிரித்தானியாவெங்கும் பல பெற்றோரை ஏமாற்றியுள்ளது. பகிரப்படும் இலக்கங்களுக்கும் அடிக்கடி மாறும் இலக்கங்களுக்கும் பழகிப்போன எமது பெற்றோர் இதனை எளிதில் நம்பிவிடுவர். ஊரில் உள்ள தம்பி அயலவரின் தொலைபேசியிலிருந்து பணம் கேட்பது உண்மையாகவே நிகழ்வதுண்டல்லவா? அதனால், புது இலக்கத்திலிருந்து பணக் கோரிக்கை எதுவாயினும், குரலைக் கேட்காமலும், பழைய இலக்கத்துக்கு அழைத்துப் பாராமலும் ஒரு சதமும் அனுப்பலாகாது. இக்காலத்தில் குரலையும் கணனியாற் போலியாக ஆக்க முடிகிறது. ஆகையாற் குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்னரே பேசி வைத்திருப்பது நன்று. வீட்டு நாயின் பெயரோ, ஊர்க் கிணற்றடியில் நின்ற மரத்தின் பெயரோ போதும். அச்சொல்லை எந்தத் தொலைபேசியிலும் எழுதி வைக்க வேண்டாம்.

அழைப்பவரின் பெயரைக் காட்டித் தருவதாகக் கூறும் செயலிகள் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றுட் சில எமது முழுப் பெயர்ப் பட்டியலையும் பார்க்க அனுமதி கேட்கும். எமது பட்டியலில் எமது விபரம் மட்டும் இல்லை. தாயகத்தில் உள்ளோரின் பெயர், அவரை நாம் அறிந்திருக்கிறோம் என்ற செய்தி ஆகியனவும் அங்கே உள்ளன. ஒருவரை அறிந்திருப்பதே குற்றமாகக் கொள்ளப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர் நாம். பிறரின் பாதுகாப்பைப் பிறரைக் கேளாமற் கையளிக்க எமக்கு உரிமை இல்லை.

பழைய வழக்கமொன்று

இலண்டன் வீடுகளில் எஞ்சியுள்ள பொது இலக்கமும் மாறுதலைச் சந்திக்கிறது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரி முடிவுக்குள் நிறுத்திவிடுவதே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் திட்டம். வீட்டு இலக்கத்தைப் புதிய இணையவழி இணைப்புக்குக் கொண்டுசெல்ல முடியும். ஆனால் அதனைக் கைவிட எண்ணுவோர், அவ்விலக்கம் எந்தெந்த வைத்தியசாலையிலும் வங்கியிலும் பெற்றோரின் பெயரிற் பதிவாகியுள்ளது என்று பார்த்து, யாவற்றையும் மாற்றிய பின்னரே கைவிட வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் புதிய இணைப்பும் இயங்காது போகலாம் என்பதைத் தனியே வாழும் முதியோரின் பிள்ளைகள் கவனத்திற் கொள்க.

மாடிப்படியின் அடியில் இருந்த அந்தத் தொலைபேசியில் எவர் பேசினாலும் முதலில் "யார் கதைக்கிறீர்கள்?" என்று கேட்டனர். அழைத்தவரும் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, யாரோடு பேச வேண்டும் என்று கூறினார். திரையிற் பெயர் தெரியத் தொடங்கிய பின்னர் அக்கேள்வி மறைந்துவிட்டது. மணி ஒலித்ததும் பெயரைப் பார்த்து, எதிரே இருப்பவர் அவரே என்று கொண்டு, "சொல்லுங்கோ" என்று தொடங்குகிறோம். தாயிடம் சொல்லவேண்டியதைத் தம்பியிடமும், மனைவியிடம் சொல்லவேண்டியதைக் கணவனிடமும் சொல்லிவிடுகிறோம். மரணச் செய்தியொன்றைத் தாங்கும் வயதில்லாத பிள்ளையின் காதில் அது முதலில் விழுந்துவிடுகிறது.

"யார் கதைக்கிறீர்கள்?" என்று மீண்டும் கேட்போம். அழைக்கும்போது நாமும் முதலில் எமது பெயரைச் சொல்வோம். அருகில் யார் இருக்கிறார் என்று கேட்ட பின்னரே விடயத்தைச் சொல்வோம். இதிற் கூச்சப்பட எதுவும் இல்லை. பெயர்ப் பட்டியலை ஒழுங்கு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதுமானது. பெற்றோரின் கருவியை வாங்கி, அவர்களோடு அருகில் அமர்ந்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் இதனைச் செய்து கொடுக்கலாம். இலக்கம் யாருடையது என்று கேட்கும்போது அந்த ஆளின் கதையும் கூடவே வரும். அதனையும் பிள்ளைகள் கேட்கட்டும்.